செயற்கை வால்வில் பாக்டீரியா தொற்று: மருந்து மட்டும் போதுமா, மீண்டும் அறுவை சிகிச்சையா?

இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மார்புத் தழும்பும் ஆறி, அன்றாட வேலைகளுக்குத் திரும்பிய ஒருவருக்குக் காரணம் பிடிபடாத காய்ச்சல் இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தால், புதிய வால்வில் பாக்டீரியா குடியேறியிருக்கலாம் என்ற ஐயம்தான் முதலில் வர வேண்டும். செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை எப்போதாவது இந்தத் தொற்றுக்கு ஆளாகிறார்கள். இது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் தொற்று வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் ஐந்தில் இருவர் வரை மருத்துவமனையிலேயே உயிரிழக்கிறார்கள் என்பதால், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வழியில்லை.

நோய் உறுதியானதும் நோயாளியின் முன்னும் குடும்பத்தின் முன்னும் ஒரு கடினமான தேர்வு வந்து நிற்கிறது. ஆறு வாரங்கள் ஊசி மருந்து செலுத்திக் குணப்படுத்த முயல்வதா, அல்லது மார்பை மறுபடியும் திறந்து, தொற்றுப் பிடித்த வால்வை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதா? முதல் அறுவையின் வலியும் அச்சமும் இன்னும் மறையாத நிலையில், “இன்னொரு முறை இவர் உடம்பு தாங்குமா?” என்று வீட்டார் கேட்பது இயல்பே. அந்தக் கேள்வி நியாயமானது என்றாலும் அது பாதிக் கேள்விதான். கிருமி வால்வின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அந்த இடத்துக்கு மருந்து போய்ச் சேருமா என்பது மீதிப் பாதி. என் பார்வையில் இந்த இரண்டாவது பாதிதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அதைச் சுற்றியே அமைகிறது.

கிருமி இருக்கும் இடம்

இயற்கையான வால்வில் தொற்று வந்தால், பெரும்பாலும் மெல்லிய இதழ்களின் விளிம்பில் பாக்டீரியாவும் இரத்த உறைவும் சேர்ந்து ஒரு திரளாக வளர்கின்றன. இதை மருத்துவர்கள் வெஜிடேஷன் என்கிறார்கள். செயற்கை வால்வில் நிலைமை வேறு. அங்கே வால்வை இதயத்தோடு பிணைக்கும் துணி வளையமும் அதைச் சுற்றிய தையல்களும் இருக்கின்றன. அறுவைக்குப் பின் இந்த வளையத்தின் மேல் உடலின் சொந்தத் திசு படர்ந்து மூடுவதற்குச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் கிருமி வந்து சேர்ந்தால் அது வளையத்தில்தான் ஒட்டுகிறது. பாறையில் பாசி படிவதைப் போல, தன்னைச் சுற்றி ஒரு வழுவழுப்பான படலத்தை உருவாக்கிக்கொண்டு அதற்குள் பதுங்கும் பாக்டீரியாவை, இரத்தத்தில் மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவு மருந்து எளிதில் கொல்வதில்லை. நம் நோய் எதிர்ப்பு அணுக்களும் அந்தப் படலத்துக்குள் நுழையத் திணறுகின்றன.

வளையத்தில் தொடங்கிய தொற்று அதோடு நிற்பதில்லை. அருகிலுள்ள இதயத் தசைக்குள் பரவிச் சீழ்க்கட்டியாகிறது. தையல்கள் பிடி தளர்ந்து, வால்வின் ஓரமாக இரத்தம் கசியத் தொடங்குகிறது. இரத்தம் நேராகப் போய்ச் சேராத சீழ்க்கட்டிக்குள் எவ்வளவு வீரியமான ஆன்டிபயாடிக் என்றாலும் போதிய அளவில் சென்றடைவதில்லை. மருந்து மட்டும் போதுமா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

எந்தக் கிருமி என்பதும் காலத்தைப் பொறுத்து மாறுகிறது. அறுவைக்குப் பின் முதல் ஓராண்டுக்குள் வருவதை முன்தொற்று என்றும் அதன் பிறகு வருவதை பின்தொற்று என்றும் பிரிப்பது வழக்கம். முன்தொற்றில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், மருத்துவமனைச் சூழலைச் சேர்ந்த கிராம் நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியாக்கள், அரிதாகப் பூஞ்சைகள் ஆகியவை முன்னிற்கின்றன. அறுவை அரங்கிலோ, ஐசியூவில் இரத்தநாளம் வழியாகப் போட்ட குழாய்கள் மூலமாகவோ இவை உடலுக்குள் வந்திருக்கக்கூடும். பின்தொற்றில் வாயிலிருந்து வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் குடலிலிருந்து வரும் எண்டரோகாக்கஸும் அதிகமாகக் காணப்படுகின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் எந்தக் காலத்திலும் வரலாம். மருந்துக்கு நன்றாக அடங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸையும், திசுவை அரித்துக்கொண்டு போகும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸையும் ஒரே நோயாக நினைத்து முடிவெடுக்கக் கூடாது.

இந்த விவரங்கள் கிடைக்க வேண்டுமானால், முதல் ஆன்டிபயாடிக் உடலுக்குள் போவதற்கு முன்பே பிளட் கல்ச்சருக்கு, அதாவது இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்து இனம் காணும் சோதனைக்கு, இரத்தம் எடுத்தாக வேண்டும். வெவ்வேறு இடங்களில் ஊசி குத்தி, குறைந்தது 3 முறை எடுப்பது முறை. காய்ச்சலுக்கு என்று யாரோ கொடுத்த நாலைந்து மாத்திரைகள்கூட இந்தச் சோதனையை வெறுமையாக்கிவிடும். பிறகு எந்தக் கிருமி என்று தெரியாமலே பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய நிலை உருவாகிறது. சாதாரண கல்ச்சரில் வளராத கிருமிகளும் உண்டு. அறுவையின்போது இரத்தத்தின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியின் நீர்த்தொட்டியிலிருந்து பரவிய மைக்கோபாக்டீரியம் கிமேரா அப்படிப்பட்டது. மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் கழித்து வெளிப்படும் இந்தத் தொற்றைத் தனிப்பட்ட கல்ச்சர் கேட்டால்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மார்பின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோ, செயற்கை வால்வின் நிழல் மறைப்பதால் ஏறக்குறைய பாதித் தொற்றுகளைத் தவறவிடுகிறது. உணவுக்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்திப் பார்க்கும் எக்கோவோ பத்தில் ஒன்பதுக்கு மேல் கண்டுபிடித்துவிடுகிறது. எனவே, “எக்கோவில் ஒன்றும் இல்லை” என்று சொல்லப்பட்டால், எந்த எக்கோ என்று கேட்பது அவசியம். உணவுக்குழாய் எக்கோவிலும் ஒன்றும் தெரியாமல் ஐயம் மட்டும் நீடித்தால், 5 முதல் 7 நாள்களில் அதை மறுபடி செய்வார்கள். சீழ்க்கட்டியைக் கணிக்க இதய சிடி ஸ்கேனும், அழற்சியுள்ள இடத்தை ஒளிரக் காட்டும் பெட் சிடி ஸ்கேனும் உதவுகின்றன. ஆனால் அறுவைக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில், ஆறிவரும் புண்ணே பெட் ஸ்கேனில் தொற்றைப் போல ஒளிரக்கூடும் என்பதை நினைவில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட எளிய சோதனை ஒன்று உண்டு. அதுதான் தினமும் எடுக்கும் ஈசிஜி. இதயத்தின் மின்கம்பிகளைப் போன்ற திசு, பெருந்தமனி வால்வுக்கு மிக அருகில் கீழிறங்குகிறது. அந்தப் பக்கமாகச் சீழ் பரவினால், இதய மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போய்ச் சேரும் நேரம் நீளும். ஈசிஜி தாளில் பிஆர் இடைவெளி எனப்படும் இந்த நேரம் பொதுவாக ஒரு பெரிய கட்டத்துக்குள், அதாவது 0.20 நொடிக்குள் அடங்கும். முந்தைய நாள்வரை அடங்கியிருந்தது புதிதாக அந்தக் கோட்டைத் தாண்டினால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அதைச் சீழ்க்கட்டி என்றே கொள்ள வேண்டும். இந்த ஒரு மாற்றத்தை வைத்தே சிகிச்சைத் திட்டம் மருந்திலிருந்து அறுவைக்கு மாறிய நோயாளிகள் பலர்.

மருந்து மட்டும் என்ற வழி

அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் உண்டு. எனவே இங்கே ஒப்பிடப்படுவது மருந்தும் அறுவையும் அல்ல, மருந்து மட்டுமா, மருந்தோடு அறுவையுமா என்பதுதான். இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொண்டால், “மருந்து கொடுத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் அறுவை” என்ற பேச்சின் ஆபத்து புரியும். சிலருக்கு அந்த அணுகுமுறை சரி. வேறு சிலருக்கு, மருந்து கேட்கவில்லை என்று தெரியவரும் நாளில் அறுவை செய்யும் வாய்ப்பே நழுவிப் போயிருக்கும்.

மருந்து மட்டும் போதும் என்று நம்பிக்கையோடு சொல்லக்கூடிய நோயாளியை வரையறுப்பது கடினமல்ல. அறுவை முடிந்து ஓராண்டுக்கு மேலாகியிருக்கும். கிருமி மருந்துக்கு எளிதில் அடங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸாகவோ எண்டரோகாக்கஸாகவோ இருக்கும். வால்வு சரியாகத் திறந்து மூடும், ஓரக் கசிவு இருக்காது. மூச்சிரைப்பு இல்லை, சீழ்க்கட்டி இல்லை, வெஜிடேஷன் சிறியது. மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே காய்ச்சல் விட்டு, மறுபடி எடுத்த பிளட் கல்ச்சரில் கிருமி வளராமல் போயிருக்கும். விலங்குத் திசுவால் ஆன வால்வில் தொற்று இதழ்களோடு நின்றுவிட்ட சிலர் இந்த வகையில் வருகிறார்கள். இவர்களை மறு அறுவைக்கு உட்படுத்துவது தேவையற்ற ஆபத்தை வலிந்து ஏற்பதாகும்.

ஆனால் இந்த வழி சொகுசான வழி என்று எண்ணிவிடக் கூடாது. செயற்கை வால்வுத் தொற்றுக்குக் குறைந்தது 6 வாரங்கள் மருந்து தேவை. ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால், ஃப்ளூக்ளாக்ஸசிலின் போன்ற ஒன்றோடு, அல்லது அதற்கு அடங்காத வகைக்கு வான்கோமைசினோடு, ரிஃபாம்பிசினும் முதல் 2 வாரங்களுக்கு ஜென்டாமைசினும் சேர்ப்பது வழக்கமான திட்டம். ஜென்டாமைசின் சிறுநீரகத்தையும் காதின் உள்நரம்பையும் பாதிக்கக்கூடியது. எனவே இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினையும் விடாமல் பார்த்துவர வேண்டும். ரிஃபாம்பிசின் படலத்துக்குள் பதுங்கிய கிருமியையும் தாக்கும் என்பதால் சேர்க்கப்படுகிறது. தனியாகக் கொடுத்தால் கிருமி விரைவில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும். அதனால் மற்ற மருந்துகள் இரத்தத்திலுள்ள கிருமிகளை ஒடுக்கிய பிறகு, சில நாள்கள் தள்ளியே அதைத் தொடங்குகிறார்கள்.

உலோக வால்வு உள்ளவர்கள் ரிஃபாம்பிசின் விஷயத்தில் தனிக்கவனம் செலுத்த வேண்டும். உறைதலைத் தடுக்க அவர்கள் எடுக்கும் வார்ஃபரினை, ரிஃபாம்பிசினால் தூண்டப்பட்ட கல்லீரல் வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்துவிடும். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு கீழே இறங்கும், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வார்ஃபரின் அளவைப் பல மடங்குகூட உயர்த்த வேண்டியிருக்கலாம். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு இதற்கு நேர்மாறாக நடக்கும். கல்லீரல் சில வாரங்களில் பழைய வேகத்துக்குத் திரும்பும்போது, உயர்த்தி வைத்த வார்ஃபரின் அளவு அப்படியே தொடர்ந்தால் ஐஎன்ஆர் எகிறி, இரத்தக்கசிவு ஏற்படும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் மகிழ்ச்சியில் இது மறந்துபோகும் வாய்ப்பு அதிகம். ஆகவே ரிஃபாம்பிசின் நின்ற பிறகான சில வாரங்களுக்கு ஐஎன்ஆர் பரிசோதனைத் தேதிகளை வீட்டுக்கு அனுப்பும் தாளிலேயே குறித்துத் தரும்படி கேட்டுப் பெற வேண்டும்.

ஆறு வாரமும் மருத்துவமனைக் கட்டிலிலேயே கழிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு டென்மார்க்கில் நடந்த போயட் என்ற ஆய்வு ஒரு விடை தந்தது. இதயத்தின் இடப்பக்க வால்வில் தொற்று ஏற்பட்டு, நிலைமை சீரான 400 நோயாளிகளை, குறைந்தது 10 நாள் ஊசி மருந்துக்குப் பிறகு இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஊசியையே தொடர்ந்தார்கள், மறு பிரிவினருக்கு இரண்டு வகை மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். மரணம், திட்டமிடாத அறுவை, உறைகட்டி அடைப்பு (வால்விலிருந்து பிய்ந்த திரள் இரத்தக் குழாயை அடைப்பது), இரத்தத்தில் கிருமி திரும்புதல் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஊசிப் பிரிவில் 12.1 விழுக்காட்டினருக்கும் மாத்திரைப் பிரிவில் 9 விழுக்காட்டினருக்கும் அவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்திருந்தது. மாத்திரை எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல என்பது முடிவு. கலந்துகொண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் செயற்கை வால்வு உள்ளவர்கள் என்பதால் இது நம் விஷயத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் அவர்கள் அனைவரும் காய்ச்சல் நின்று, உணவுக்குழாய் எக்கோவில் சீழ் இல்லை என்று உறுதியான பிறகே மாத்திரைக்கு மாறினார்கள். முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் போக இந்த ஆய்வைக் காரணமாகக் காட்ட முடியாது.

மறு அறுவை என்ற வழி

மூன்று நிலைகளில் அறுவையைத் தவிர்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். முதலாவது, வால்வு பழுதுபட்டு அல்லது ஓரக் கசிவு மிகுந்து இதயம் திணறத் தொடங்கிய நிலை. நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால், உடைந்த வால்வை எந்த ஆன்டிபயாடிக்கும் தைத்துவிடாது. இரண்டாவது, தொற்று அடங்காத நிலை. சீழ்க்கட்டி, இதய அறைகளுக்கிடையே துளை, சரியான மருந்து கொடுத்தும் ஒரு வாரத்துக்கு மேல் கிருமி வளர்ந்துகொண்டே இருக்கும் பிளட் கல்ச்சர், பூஞ்சைத் தொற்று ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, வெஜிடேஷன் துண்டுகள் பிய்ந்து மூளைக்கோ மற்ற உறுப்புகளுக்கோ போய் அடைப்பை ஏற்படுத்தும் நிலை. முறையான மருந்துக்குப் பிறகும் ஒரு முறை அடைப்பு நேர்ந்து, 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட வெஜிடேஷன் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது.

இவற்றோடு, 2023 ஆம் ஆண்டின் ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல், வால்வு அறுவை நடந்த 6 மாதங்களுக்குள் தொற்று வந்தால், பாதித்த திசு முழுவதையும் அகற்றி வால்வை மாற்றும்படி பரிந்துரைக்கிறது. அறுவை நடந்து சில மாதங்களே ஆன ஒருவரிடம் மீண்டும் அறுவை என்று சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் முன்தொற்று வளையத்தில்தான் வேர் பிடிக்கிறது, அங்கே மருந்து தோற்கிறது என்பதைப் பார்த்த பிறகு, இந்தப் பரிந்துரை ஏன் வந்தது என்பது விளங்கும்.

மறு அறுவையின் சுமையையும் மறைக்கக் கூடாது. மார்பெலும்பைத் திறக்கும்போதே, முதல் அறுவையின் தழும்போடு ஒட்டியிருக்கும் இதயமும் பெருந்தமனியும் கிழிபடும் ஆபத்து இருக்கிறது. உள்ளே போனால், தொற்றால் கனிந்துபோன திசுவில் தையல் நிற்பதில்லை. அழுகியதை வெட்டி அகற்றிய பின் வால்வு உட்காரும் வளையத்தையே மாட்டின் இதய உறையைக் கொண்டு புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். மின்கடத்தும் திசு வெட்டுப்பட்டால் நிரந்தரமாகப் பேஸ்மேக்கர் தேவைப்படும். சிறுநீரகம் செயலிழக்கலாம், பக்கவாதம் வரலாம். முதல் அறுவையோடு ஒப்பிட்டால் உயிரிழப்பு வாய்ப்பும் பல மடங்கு. இதைக் கேட்டு அஞ்சும் குடும்பத்திடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அறுவையின் ஆபத்தை, நலமாக இருக்கும் ஒருவரின் ஆபத்தோடு ஒப்பிடக் கூடாது, அதே நோயாளி அறுவையின்றி இருந்தால் நேரக்கூடிய ஆபத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஆய்வுகளை எப்படிப் படிப்பது

இந்த ஒப்பீட்டைச் செய்துபார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2013 இல் வெளிவந்தது. பல நாடுகளைச் சேர்ந்த மருத்துவமனைகள் இணைந்து திரட்டிய 1,025 செயற்கை வால்வுத் தொற்று நோயாளிகளில் 490 பேருக்கு மருத்துவமனையில் இருந்தபோதே வால்வு மாற்றப்பட்டது, மற்றவர்களுக்கு மருந்து மட்டும் தரப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் அறுவை செய்துகொண்டவர்கள் அதிகம் பிழைத்ததாகவே தெரிந்தது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. பத்தாம் நாள் அறுவை செய்துகொண்ட ஒருவர் அந்தப் பத்து நாளும் உயிரோடு இருந்தால்தான் அறுவைப் பிரிவில் சேர முடியும். அறுவைக்குக் காத்திருந்து ஐந்தாம் நாளே இறந்தவரோ மருந்துப் பிரிவின் கணக்கில் விழுகிறார். இப்படி, அறுவையின் பலனாகத் தோன்றுவதில் ஒரு பங்கு, அதுவரை பிழைத்திருந்ததன் பலன்தான். ஆய்வாளர்கள் இதையும், யாரை அறுவைக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் கணித முறையில் சரிசெய்தபோது, ஒட்டுமொத்தமாக அறுவைக்கும் மருந்துக்கும் இடையே உயிர்பிழைப்பில் வேறுபாடு மறைந்துபோனது.

இதைப் படித்துவிட்டு, அறுவையால் பயனில்லை என்று முடிவு கட்டுபவர்கள் ஆய்வைப் பாதியிலேயே மூடிவிடுகிறார்கள். அறுவை தேவைப்படும் அறிகுறிகள் எவ்வளவு வலுவாக இருந்தன என்பதை வைத்து அதே நோயாளிகளை ஐந்து பிரிவுகளாக்கியபோது, மிக வலுவான அறிகுறிகள் கொண்ட பிரிவில் அறுவை செய்தவர்களில் 21.2 விழுக்காட்டினரும் செய்யாதவர்களில் 37.5 விழுக்காட்டினரும் மருத்துவமனையில் இறந்திருந்தார்கள். எல்லோரையும் கலந்து பார்த்தால் மறைந்துவிடும் வேறுபாடு, உரிய நோயாளியிடம் இவ்வளவு பெரிதாக வெளிப்படுகிறது. அறுவை நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்றும், இந்த நோயாளிக்கு அதற்கான காரணம் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும் என்றும் நான் வலியுறுத்துவதற்கு இந்த எண்களே அடிப்படை.

விரைவான அறுவைக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இன்னொரு ஆய்வு தென் கொரியாவில் நடந்து 2012 இல் வெளியானது. 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வெஜிடேஷன் இருந்த 76 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்தார்கள். மருத்துவமனை மரணமும் 6 வாரங்களுக்குள் நேர்ந்த உறைகட்டி அடைப்பும் சேர்ந்து அந்தப் பிரிவில் 3 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 23 விழுக்காடு. வியக்க வைக்கும் வேறுபாடுதான். ஆனால் அதில் இருந்தவர்கள் அனைவரும் இயற்கை வால்வில் தொற்று வந்தவர்கள், செயற்கை வால்வு உள்ளவர்கள் சேர்க்கப்படவே இல்லை. மறு அறுவையின் கூடுதல் ஆபத்து அந்தக் கணக்கில் இல்லாததால், அந்த எண்களை நம் நோயாளிக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது.

எப்போது செய்வது

அறுவை என்று முடிவானால் எந்த நேரத்தில் என்பது அடுத்த தேர்வு. இதயம் போதிய இரத்தத்தை அனுப்ப முடியாத அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டவருக்கு 24 மணி நேரத்துக்குள், சீழ்க்கட்டியோ பெரிய வெஜிடேஷனோ உள்ளவருக்கு 3 முதல் 5 நாள்களுக்குள், மற்றவர்களுக்கு அதே மருத்துவமனைத் தங்கலின்போது என்பது இப்போதைய வகைப்பாடு. “ஆறு வார மருந்தையும் முடித்துவிட்டு, தொற்று முழுவதும் அடங்கிய பிறகு அறுவை” என்ற பழைய எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. உறைகட்டி அடைப்பு மிகுதியாக நேர்வது முதல் 2 வாரங்களில்தான். ஆகவே அடைப்பைத் தடுப்பதற்காகச் செய்யும் அறுவையை ஆறு வாரம் தள்ளிப்போட்டால் அதன் நோக்கமே அடிபட்டுப் போகிறது.

மூளை பாதிக்கப்பட்டிருந்தால் கணக்கு மாறும். அடைப்பால் பக்கவாதம் வந்திருந்து, ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாகி, நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இல்லையென்றால், அறுவைக்கு வலுவான காரணம் இருக்கும்போது அதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மூளைக்குள் இரத்தக்கசிவு என்றால், இதயத்தின் நிலை இடம் கொடுத்தால் ஒரு மாதமேனும் காத்திருப்பதே பொதுவான வழக்கம். ஏனெனில் அறுவையின்போது இதய நுரையீரல் இயந்திரத்துக்காகக் கொடுக்கும் ஹெப்பாரின் என்ற உறைதல் தடுப்பு மருந்து அந்தக் கசிவைப் பெரிதாக்கிவிடும்.

அறுவை தேவைதான், ஆனால் உடல் தாங்காது என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. மார்பைத் திறக்காமல் இரத்தக் குழாய் வழியே வடிகுழாய் மூலம் பொருத்திய வால்வில் தொற்று வந்த முதியவர்கள் பலர் இந்த நிலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊசி மருந்துக் காலம் முடிந்த பிறகும் மாத்திரையாக ஆன்டிபயாடிக்கை நீண்ட காலம், சிலருக்கு வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கிருமியை அடக்கி வைப்பதே மீதமிருக்கும் வழி. இது குணமாக்கும் சிகிச்சை அல்ல என்பதை நோயாளியிடம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நிறுத்தியதும் தொற்று தலைதூக்கலாம் என்பது தெரிந்திருந்தால்தான் அவர் அதை விடாமல் எடுத்துக்கொள்வார்.

எந்த வால்வைப் பொருத்துவது

மறு அறுவையில் உலோக வால்வா, திசு வால்வா, கொடையாளர் இதயத்திலிருந்து எடுத்த மனித வால்வா என்ற கேள்வியில் குடும்பங்கள் அதிகம் மனத்தைச் செலுத்துகின்றன. தொற்று திரும்ப வருவதைப் பொறுத்தவரை உலோகத்துக்கும் திசுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பாதித்த திசுவை எவ்வளவு முழுமையாக வெட்டி அகற்றினார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. எனவே வழக்கமான காரணங்களை வைத்தே தேர்வு செய்யலாம். உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும், வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் வேண்டும். திசு வால்வு 10 முதல் 15 ஆண்டுகளில் தேயத் தொடங்கும், இளையவர்களில் அதற்கு முன்பே. மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டவருக்கோ, ஏற்படும் அச்சம் உள்ளவருக்கோ வார்ஃபரின் தேவைப்படாத திசு வால்வே பொருத்தம். பெருந்தமனியின் அடிப்பகுதியே சீழால் அழிந்துபோனவருக்கு, செயற்கைத் துணி வளையம் இல்லாத மனித வால்வு வளைந்து கொடுத்துப் பொருந்தும் என்று சில அறுவை நிபுணர்கள் விரும்புகிறார்கள். ஆனால் அது எளிதில் கிடைப்பதில்லை. காலப்போக்கில் சுண்ணம் படிந்து இறுகி, பின்னொரு நாள் தேவைப்படும் அறுவையை மேலும் கடினமாக்கும்.

அறுவைக்குப் பின் எத்தனை நாள் மருந்து என்பதில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. அகற்றிய வால்வைக் கல்ச்சர் செய்து கிருமி வளரவில்லை என்றால், சரியான ஆன்டிபயாடிக் தொடங்கிய முதல் நாளிலிருந்தே நாள்கள் எண்ணப்படும். கிருமி வளர்ந்தால் மட்டும் அறுவை நாளிலிருந்து புதிய கணக்குத் தொடங்கும். இதைத் தெரிந்து வைத்திருந்தால், வீடு திரும்பும் நாள் ஏன் தள்ளிப்போகிறது என்று மனம் சோர வேண்டியிருக்காது.

முடிவை யார் எடுப்பது

இதய மருத்துவர், இதய அறுவை நிபுணர், தொற்றுநோய் நிபுணர், எக்கோ பார்ப்பவர், தேவைப்பட்டால் நரம்பியல் மருத்துவர் ஆகியோர் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் ஏற்பாடு இந்த நோய்க்கு இன்றியமையாதது. அறுவை வசதி இல்லாத மருத்துவமனையில் நோய் கண்டுபிடிக்கப்பட்டால், அங்கேயே மருந்தைத் தொடர்ந்து பார்ப்பதா, வசதியுள்ள இடத்துக்கு மாற்றுவதா என்பதும் ஒரு தேர்வுதான். செயற்கை வால்வுத் தொற்றைப் பொறுத்தவரை, நோயாளி நன்றாக இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூச்சுத் திணறலோடு ஆம்புலன்ஸில் ஏற்றுவதைவிட, தேவைப்படாமலே போகக்கூடிய அறுவை நிபுணரின் அருகில் இருப்பது மேல். நிலைமை சீராக இருந்தாலும், குறைந்தபட்சம் அத்தகைய குழுவோடு முதல் நாளிலேயே தொடர்புகொண்டு எக்கோ படங்களையும் கல்ச்சர் முடிவுகளையும் அனுப்பிக் கருத்துக் கேட்டுவிட வேண்டும்.

மருந்து மட்டும் போதும் என்று குழு முடிவு செய்தால், அந்த முடிவு எதுவரை செல்லும் என்பதைக் கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. அடுத்த பிளட் கல்ச்சர் எந்த நாளில், உணவுக்குழாய் எக்கோ மறுபடி எப்போது, ஈசிஜி தினமும் எடுக்கப்படுகிறதா, இவற்றில் எந்த மாற்றம் தெரிந்தால் அறுவைக்கு மாறுவீர்கள் என்று கேட்டு, விடைகளைத் தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். அறுவை என்று முடிவு செய்தால், எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள்களுக்குள், எந்த வால்வு, அதுவரை வார்ஃபரினுக்குப் பதிலாக ஹெப்பாரின் தரப்படுமா என்று கேட்க வேண்டும். காரணத்தைத் தெளிவாகச் சொல்ல முடியாமல் இரண்டில் எந்த வழியை முன்வைத்தாலும், வேறொரு குழுவின் கருத்தை அன்றைக்கே கேட்டுப் பெறுவதில் தவறு ஏதும் இல்லை.